ஜேஜு தீவின் சாப்பாட்டு மேசை: விடுமுறைக்குப் போகும் எங்கள் குடும்பங்களுக்கு

புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் விடுமுறைக்கு எங்கே போவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மெல்ல மெல்லப் பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டது. முன்பெல்லாம் விடுமுறை என்றால் இலண்டனில் அண்ணா வீடு, பாரிசில் சித்தி வீடு, இல்லாவிட்டால் எங்காவது ஒரு கலியாண வீடு. இன்று கொரியத் தொடர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கொரியாவுக்குப் போவோம் என்கிறார்கள். அதிலும் 2025-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பொக்சக் சொகத்சுதா' என்ற தொடருக்குப் பிறகு ஜேஜு தீவின் பெயர் அவர்கள் வாயில் அடிக்கடி அடிபடுகிறது. அந்தத் தலைப்புக்கு ஜேஜு வட்டார வழக்கில் 'மிகவும் பாடுபட்டுவிட்டீர்கள்' என்று பொருள்.

நான் தொழிலால் கணக்காளன். ஊரில் வணிகத்துறையில் பட்டம் பெற்று, அகதியாகக் கனடா வந்து சேர்ந்தவன். ஒரு கடைக்குள் நுழைந்தால் சாப்பாட்டைப் பார்ப்பதற்கு முன் விலைப்பட்டியலைப் பார்க்கிற பழக்கம் விட்டுப்போகவில்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், மச்சம் தொடாத மாமி என்று ஐந்து பேராக ஒரு கிழமை ஜேஜுவில் இருந்தோம். போகவிருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்பதால் அங்கே என்ன சாப்பிடலாம், பில் எப்படி வரும், சைவக்காரர் என்ன செய்வது என்பதை எழுதுகிறேன். அந்தச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதவேண்டியிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஜேஜுவில் சாப்பிட்டுவிட்டு வந்தால், எங்களைப் போன்றவர்களுக்கு அது பாதிச் சாப்பாடுதான்.

சோறு அருமையாக இருந்த தீவு

ஜேஜு கொரியாவின் தென்முனைக்கு அப்பால் உள்ள எரிமலைத் தீவு. பரப்பு ஏறத்தாழ 1,850 சதுர கிலோமீற்றர். நடுவில் தென்கொரியாவின் மிக உயர்ந்த மலையான ஹல்லாசன் நிற்கிறது. மண்ணுக்குக் கீழே துளைகள் நிறைந்த கருங்கல். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கி, கடற்கரையில் ஊற்றாக வெளிவருகிறது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடும் யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரை அளந்து இறைத்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தண்ணீர் நிற்காத நிலத்தில் நெல் வயல் மிகச் சொற்பம். பார்லி, தினை, பக்வீட் ஆகியவைதான் முன்பு ஜேஜு மக்களின் அன்றாடத் தானியங்களாக இருந்தன. வெள்ளைச் சோற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கொன்பாப்'. அழகான சோறு என்று பொருள். படையலுக்கும் விசேட நாட்களுக்கும் மட்டும் கண்ணில் பட்ட சோறு அது.

இந்தப் பின்னணி தெரிந்தால் ஜேஜுவின் கடைகளில் உள்ள பல பண்டங்களின் காரணம் விளங்கும். 'பிங்தொக்' என்பது பக்வீட் மாவை மெல்லிய தோசையாகச் சுட்டு, உள்ளே அவித்த முள்ளங்கியை வைத்துச் சுருட்டியது. உறைப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. முதல் கடியில் ஏமாற்றமாக இருக்கும், மூன்றாவது கடியில் பிடித்துவிடும். 'ஒமெகி தொக்' தினை மாவில் செய்து, மேலே செம்பயறு பூசிய உருண்டை. எங்கள் மோதகத்தின் தூரத்துச் சொந்தம்போல இருக்கும். இரண்டையும் ஜேஜு நகரின் தொங்முன் சந்தையில் வாங்கலாம். 2, 7 ஆகிய எண்களில் முடியும் திகதிகளில் ஜேஜு நகருக்கு வெளியே ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் பெரிய சந்தையும் இருக்கிறது. தெற்கே சொகுவிபோவில் அதே மாதிரிச் சந்தை 4, 9 ஆகிய எண்களில் முடியும் நாட்களில் கூடும். ஊர்ச் சனம் மரக்கறியும் மீனும் வாங்க வரும் இடங்கள் இவை. பயணத் திகதியை இதைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பன்றி, ஒரு ஊர்

ஜேஜு என்றதும் சுற்றுலாக்காரர் முதலில் தேடுவது கறுப்புப் பன்றி இறைச்சி. மேசையிலேயே நெருப்பு மூட்டி, தடித்த துண்டுகளாகச் சுட்டு, 'மெல்ஜொத்' என்ற நெத்தலிச் சாறில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். கருவாட்டுச் சட்டிக்குப் பழகிய மூக்குக்கு மெல்ஜொத்தின் வாசம் புதிதாக இராது. கடைகளில் விற்கப்படுவது பண்ணைகளில் வளரும் கலப்பினம். தீவின் பழைய இனக் கறுப்புப் பன்றியை 2015-ல் கொரிய அரசு இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்துப் பாதுகாக்கிறது.

இதைவிட மலிவானதும் ஊர்க்காரர் விரும்புவதுமான ஒன்று 'கொகி குக்சு'. பன்றி எலும்பை நீண்ட நேரம் கொதிக்கவைத்த சாற்றில் கோதுமை நூடில்ஸ் போட்டு, மேலே அவித்த இறைச்சித் துண்டுகளை அடுக்கித் தருவார்கள். ஒரு கோப்பை ஏறத்தாழ 10,000 வொன். அதுவே ஒரு நேரச் சாப்பாடு.

எங்களுக்கு நெருக்கமானது 'மொம்குக்'. முன்பு ஜேஜுவில் கலியாணம் என்றால் பன்றி அடித்து, ஊர் முழுவதற்கும் நாட்கணக்கில் சாப்பாடு போடுவார்கள். இறைச்சி எல்லோருக்கும் போதாது. ஆகவே இறைச்சி அவித்த தண்ணீரை வீசாமல், அதற்குள் 'மொம்' என்ற கடற்பாசியைப் போட்டு, பக்வீட் மாவைக் கரைத்து ஊற்றித் தடிப்பாக்கினார்கள். இறைச்சி கிடைக்காதவருக்கும் இறைச்சியின் சாரம் கிடைத்தது. கையில் கோப்பையை வாங்கியதும் என் மனைவி, "இது கூழ் எல்லோ?" என்றா. ஒடியல் மாவுக்குப் பதில் பக்வீட் மாவு, மீனுக்குப் பதில் பன்றி. இருக்கிற கொஞ்சத்தைப் பெரிய பானையில் எல்லோருக்குமாக விரிக்கும் கணக்கு ஒன்றுதான்.

கடலுக்குள் போகும் ஆச்சிமார்

ஜேஜுவின் கடற்கரைக் கிராமங்களில் 'ஹேன்யோ' என்ற பெண்கள் ஒட்சிசன் உருளை இல்லாமல், மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கி, பாறைச் சிப்பி, சங்கு, கடல் முள்ளி, பாசி ஆகியவற்றை எடுத்துவருகிறார்கள். மேலே வந்ததும் அடக்கிய மூச்சை விடும்போது சீழ்க்கைபோல ஒரு சத்தம் வரும். அதற்கே 'சும்பிசொரி' என்று தனிப்பெயர் உண்டு. 2016-ல் யுனெஸ்கோ இந்தப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1970-ல் 14,000-க்கு மேல் இருந்த ஹேன்யோக்கள் இன்று 3,000-க்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலானோர் 60 வயதைக் கடந்தவர்கள்.

என்னைக் கவர்ந்தது அவர்களது நிர்வாகம். ஒவ்வொரு கிராமத்துக் கடலும் அந்தக் கிராமத்து மீனவர் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. எந்த நாளில் மூழ்கலாம், எந்த அளவுக்குச் சிறிய சிப்பியை எடுக்கக்கூடாது என்பதைச் சங்கம் தீர்மானிக்கிறது. ஆழம் குறைந்த கரையோரத்தை, தூரம் போக முடியாத வயோதிபப் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள். அதன் பெயர் 'ஹல்மாங் பாதாங்', ஆச்சியின் கடல். சில ஊர்களில் கடலின் ஒரு பகுதியைப் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கி, அங்கே எடுத்த பாசியை விற்ற பணத்தில் வகுப்பறை கட்டினார்கள். பழைய மாணவர் சங்கங்களின் வரவு செலவு அறிக்கைகளைப் பார்த்துக் கையெழுத்திடுகிற எனக்கு, கடலின் ஒரு துண்டையே நன்கொடைக் கணக்காக எழுதிவைத்த அந்தப் பெண்கள் பெரிய நிதியாளர்களாகத் தெரிந்தார்கள். 1932-ல், ஜப்பானிய ஆட்சிக் காலத்தில், தாங்கள் எடுத்த பொருளுக்கு நியாய விலை தராமல் ஏமாற்றியதற்கு எதிராகத் திரண்டு எழுந்தவர்களும் இவர்கள்தான்.

இந்தப் பெண்களும் அவர்களது கிராமச் சங்கங்களும் நடத்தும் சாப்பாட்டுக்கடைகள் கடலோரத்தில் பல இடங்களில் உண்டு. பெயர்ப்பலகையில் 'ஹேன்யோவே ஜிப்', அதாவது ஹேன்யோ வீடு, என்று இருக்கும். அலங்காரம் இராது. 'ஜொன்பொக் ஜுக்' என்ற சிப்பிக் கஞ்சியைக் கேளுங்கள். சிப்பியின் உட்பகுதியையும் சேர்த்துக் காய்ச்சினால் கஞ்சி இளம் பச்சையாக இருக்கும். நிறத்தைக் கண்டு பிள்ளைகள் முகம் சுளித்தாலும், வயிற்றுக்கு இதமான சாப்பாடு. கடல் முள்ளியும் பாசியும் சேர்ந்த சூப்பும் நல்லது. இங்கே கொடுக்கும் காசு மூழ்கி எடுத்தவரின் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது.

மீன் கடைகளில் 'கால்ச்சி' என்று எழுதியிருப்பது எங்கள் சாவாளைதான். வெள்ளி நாடாபோல நீளமான மீன். ஊரில் அதை அவ்வளவாக மதிக்கமாட்டார்கள். ஜேஜுவில் அதுதான் இராசா. முள்ளங்கி, மிளகாய்த்தூள், உள்ளி போட்டுக் குழம்பாக வற்றவைப்பார்கள். முழுமீனை நீளத் தட்டில் கிடத்திப் பொரித்தும் தருவார்கள். குழம்பு இரண்டு பேருக்கே பெரும்பாலும் 50,000 வொன்னுக்குக் குறையாது. கும்பளா மீனுக்கு நெருங்கிய 'கொதுங்கொ' அதைவிட மலிவு. உறைப்புச் சரியாக இருக்கும். சோற்றோடு சாப்பிடும்போது வீட்டு ஞாபகம் வராமல் போகாது.

பில்லைப் படிப்பது எப்படி?

முதல் நாளே தெரிந்திருக்கவேண்டிய விடயங்கள் சில.

விலைப்பட்டியலில் உள்ள விலைதான் நீங்கள் கொடுக்கும் விலை. 10 வீத வரியும் சேவைக் கட்டணமும் அதற்குள் அடக்கம். 2013 முதல் கொரியச் சட்டம் உணவகங்களில் இறுதி விலையைத்தான் காட்டவேண்டும் என்கிறது. ரிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. கனடாவில் பட்டியல் விலைக்கு மேல் வரி, அதற்கு மேல் ரிப்ஸ் என்று மனக்கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

மேசைக்கு வரும் சின்னச் சின்னக் கோப்பைகள் 'பான்ச்சான்' எனப்படும். கிம்ச்சி, கீரை, அவரை முளை, பொரித்த நெத்தலி என்று எதுவும் இருக்கலாம். இவற்றுக்குத் தனிக்காசு இல்லை, முடிந்தால் இன்னும் கேட்கலாம். ஆனால் கேட்டு வாங்கி மிச்சம் விடுவது மரியாதை இல்லை.

குழம்பு, சட்டிச் சாப்பாடு, சுட்ட இறைச்சி ஆகியவற்றுக்குக் குறைந்தது 'இரண்டு பேர் அளவு' கேட்கவேண்டும் என்று பல கடைகளில் எழுதியிருக்கும். தனியாகப் போகிறவர் நூடில்ஸ் கடைக்கோ கஞ்சிக் கடைக்கோ போவது இலாபம். ஐந்து பேர் போனால் ஒரு பெரிய சட்டியும் இரண்டு தனிக் கோப்பைகளும் கேட்பது எங்களுக்குச் சரியாக வந்தது. இறைச்சிக் கடையில் ஒரு ஆள் அளவு எத்தனை கிராம் என்பதைப் பார்த்துக் கேளுங்கள். 100 கிராம் விலையையும் காட்டவேண்டும் என்பது சட்டம்.

சுவரில் ஒரு பலகை தொங்கும். அரிசி, கிம்ச்சிக் கோவா, பன்றி, மாடு, கோழி, சில மீன் வகைகள் ஆகியன எந்த நாட்டிலிருந்து வந்தவை என்று அதில் எழுதியிருக்கும். இதுவும் சட்டப்படி கட்டாயம். கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துப் பாருங்கள். 'ஜேஜு சான்' என்றால் ஜேஜுவில் கிடைத்தது. கடல் தெரியும் சாளரத்தோரம் இருந்து வேறு நாட்டு மீனைச் சாப்பிட்டுவிட்டு, தீவின் விலையைக் கொடுத்துவிட்டு வராமல் இருக்க இந்தப் பலகை உதவும். ஜேஜு விலை கூடிய இடம் என்று கொரியர்களே குறைப்படுகிறார்கள். 2024-ல் கொழுப்பே நிறைந்த பன்றித் துண்டுகளைப் பரிமாறிய ஒரு கடையின் படம் நாடு முழுவதும் பேசுபொருளானது. ஆனால் துறைமுகத்துக்கும் சந்தைக்கும் அருகே, தொழிலாளர் மதியம் சாப்பிடும் கடைகளில் விலையும் ருசியும் நேர்மையாக இருக்கும்.

தண்ணீரைப் பெரும்பாலும் நாமே எடுக்கவேண்டும். கரண்டியும் உலோகக் குச்சிகளும் மேசையின் பக்க இழுப்பறைக்குள் இருக்கும். ஆளைக் கூப்பிட மேசையில் மணி இருக்கும். காசைப் போகும்போது வாசலடியில் கொடுப்பது வழக்கம். பல கடைகள் மாலை 3 மணி முதல் 5 மணி வரை பூட்டியிருக்கும். கிராமங்களில் இரவு 8 மணிக்கு மேல் சாப்பாடு தேடுவது கடினம். எங்கள் சனம் இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட உட்காரும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கூப்பிடும் முறையைப் பற்றியும் ஒரு சொல். கொரியாவின் மற்றப் பகுதிகளில் சாப்பாட்டுக்கடைப் பெண்ணை 'இமோ' என்பார்கள். அம்மாவின் சகோதரி, எங்கள் பெரியம்மா, சின்னம்மா. ஜேஜுவில் வயதில் மூத்த அயலவர் எவரையும், ஆணோ பெண்ணோ, 'சம்ச்சுன்' என்பார்கள். மாமா, சித்தப்பா என்பது போன்ற உறவுச்சொல். தெரியாதவரையும் அன்ரி, அங்கிள், அண்ணை என்று உறவாக்கிக் கூப்பிடும் எங்களுக்கு இந்தத் தீவின் வழக்கம் இயல்பாகவே பிடிபட்டது.

சைவக்காரர் என்ன செய்வது?

உண்மையைச் சொன்னால், கொரியாவில் சைவம் கடினம். மரக்கறிபோலத் தெரிவதிலும் மீன் இருக்கும். கிம்ச்சியில் இறாலோ நெத்தலியோ ஊறிய சாறு இருக்கும். சூப்பின் தண்ணீர் நெத்தலி அவித்ததாக இருக்கும். பிங்தொக்கைக்கூடப் பழைய முறையில் பன்றிக் கொழுப்புத் தடவிச் சுடுவதுண்டு. எண்ணெயில் சுட்டதா என்று கேட்டே வாங்கவேண்டும்.

'கொகி' என்றால் இறைச்சி மட்டும். "கொகி வேண்டாம்" என்றால் மீன் போட்ட சாப்பாடு வரும். ஆகவே "கொகி, செங்சொன், ஹேமுல் பேகோ ஜுசெயோ" என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், கடலுணவு போடாமல் தாருங்கள் என்பது பொருள். தாளில் கொரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பது இன்னும் நல்லது. மாமிக்கு எங்களைக் காப்பாற்றியது பிபிம்பாப். சோற்றின் மேல் மரக்கறிகளை அடுக்கித் தருவது, இறைச்சியை விடச் சொல்லலாம், மிளகாய்ப் பசையைப் புறம்பாகக் கேட்கலாம். வெயில் காலத்தில் 'கொங்குக்சு' கிடைக்கும். சோயா அவரையை அரைத்த குளிர்ந்த பாலில் நூடில்ஸ். பௌத்த விகாரை மரபுச் சாப்பாட்டில் இறைச்சியும் மீனும் மட்டுமல்ல, உள்ளியும் வெங்காயமும்கூட இராது. விரத நாட்களுக்கு அது பொருந்தும். தங்குமிடத்தில் சின்னச் சமையலறை இருந்தால், சந்தையில் மரக்கறி வாங்கி ஒரு நேரத்தை நீங்களே சமாளிக்கலாம். நாங்கள் ஒரு பை பருப்பும் கறித்தூளும் கொண்டுபோனோம்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஜேஜு மற்றப் பகுதிகளைவிட வசதி. மற்ற இடங்களில் பாசிச் சூப்பில் மாட்டிறைச்சி போடுவது வழக்கம். ஜேஜுவில் அதே சூப்பைக் கடல் முள்ளியோடு அல்லது 'ஒக்தோம்' என்ற செந்நிற மீனோடு காய்ச்சுவார்கள். இருந்தாலும் "சோகொகி" இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கோப்பிக்கடைகள்

கொரியர்களின் கோப்பிப் பழக்கம் எங்கள் தேத்தண்ணீர்ப் பழக்கத்தைத் தோற்கடிக்கும். ஜேஜுவின் கடற்கரையில், குறிப்பாக ஏவொல், வொல்ஜொங் பக்கங்களில், வரிசையாகக் கோப்பிக்கடைகள். கடலைப் பார்க்கும் இருக்கைக்கும் சேர்த்துத்தான் விலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பானம் வாங்கவேண்டும் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். ஐந்து பேர் இரண்டு கோப்பி வாங்கிப் பகிரும் எங்கள் வழக்கம் அங்கே செல்லாது. வெளியே கொண்டுபோகும் கோப்பைக்கு 300 வொன் வைப்புப் பணம் வாங்கும் திட்டம் 2022 டிசம்பரில் பெரிய சங்கிலிக் கடைகளில் தொடங்கியது. கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும்.

உள்நாட்டில், பழம் சேமித்த பழைய கற்களஞ்சியங்களைக் கோப்பிக்கடையாக்கியிருக்கிறார்கள். எனக்கு அவைதான் பிடித்தன. தேயிலையில் ஆர்வமுள்ளவர்கள் தென்மேற்கே சொக்வாங்கில் உள்ள ஒசுல்லொக் தேயிலைத் தோட்டத்துக்குப் போகலாம். பச்சைத் தேயிலை ஐஸ்கிரீமுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். படகேறி உடோ தீவுக்குப் போனால் அங்கே கச்சான் ஐஸ்கிரீம். உடோக் கச்சான் மிகச் சிறியது, தோலோடு சாப்பிடுவது. கைநிறைய வாங்கிக் கொறித்துக்கொண்டு கடற்கரையில் நடந்தபோது, கோயில் திருவிழாக் கச்சான்கடைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

ஒசாகாவிலிருந்து வந்த மரக்கன்றுகள்

தீவு முழுவதும் கறுப்புக் கல்மதில்களுக்குப் பின்னால் தெரிவது மண்டரின் தோடைத் தோட்டங்கள். உச்சியில் குமிழ் உள்ள பெரிய பழம் 'ஹல்லாபொங்', ஹல்லாசன் மலையின் உருவம் என்று பெயர் வைத்தார்கள். அரசர் காலத்தில் இந்தப் பழம் திறையாகப் போனது. திறைச் சுமை தாங்காமல் மக்கள் தங்கள் மரங்களைத் தாங்களே பட்டுப்போகச் செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பிறகு 1960-களிலும் 70-களிலும் இதே பழம் தீவைக் கைதூக்கிவிட்டது. சில மரங்கள் இருந்தால் ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பலாம் என்பதால் இதற்குப் 'பல்கலைக்கழக மரம்' என்று பெயர். அந்தக் காலத்தில் நடப்பட்ட கன்றுகளில் பெருந்தொகையை அனுப்பியவர்கள் ஜப்பானில் வாழ்ந்த ஜேஜு மக்கள்.

அவர்கள் ஏன் ஜப்பானில் இருந்தார்கள்? ஒரு பகுதியினர் 1920-களிலிருந்து கப்பலில் ஒசாகாவுக்கு வேலைக்குப் போனவர்கள். இன்னொரு பகுதியினர் உயிர்தப்பி ஓடியவர்கள். 1947 மார்ச் 1-ல் ஜேஜுவில் ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். 1948 ஏப்ரல் 3-ல் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கும் நடவடிக்கை 1954 வரை நீண்டது. கரையிலிருந்து 5 கிலோமீற்றருக்கு அப்பால் காணப்படுவோர் எதிரிகளாகக் கருதப்படுவர் என்று அறிவித்து, மலையடிவாரக் கிராமங்களைக் கொளுத்தினார்கள். கொல்லப்பட்டவர்கள் 25,000 முதல் 30,000 வரை என்பது அரசின் விசாரணை அறிக்கை தந்த மதிப்பீடு. தீவின் அன்றைய சனத்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. பெரும்பாலானோரைக் கொன்றது அரச தரப்பு என்று அதே அறிக்கை பதிவுசெய்திருக்கிறது.

மக்கள் குகைகளில் ஒளிந்திருந்தார்கள். தராங்ஷி என்ற குகையில் இறந்த 11 பேரின் எச்சங்கள் 1992-ல் வெளியுலகுக்குத் தெரியவந்தன. பக்கத்தில் சமையல் பாத்திரங்கள் கிடந்தன. குகையில் ஒளிந்த மக்களைப் பற்றி 2012-ல் வந்த திரைப்படத்தின் பெயர் 'ஜிசுல்'. ஜேஜு வழக்கில் உருளைக்கிழங்கு. ஒளிந்திருப்பவர்களுக்குக் கிடைத்த சாப்பாடு அதுதான்.

பல தசாப்தங்களாக இதை வெளியே பேச முடியவில்லை. 1978-ல் 'சுனி சம்ச்சுன்' என்ற கதையில் இதை எழுதிய ஹியோன் கி யொங் கைதுசெய்யப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானார். சாப்பாட்டுக்கடையில் கூப்பிடும் அதே சொல்தான் அந்தத் தலைப்பில் இருக்கிறது. பேச முடியாத காலத்திலும் படையல் நிற்கவில்லை. பலர் ஒரே நாளில் கொல்லப்பட்ட கிராமங்களில், ஆண்டுதோறும் ஒரே இரவில் வீட்டுக்கு வீடு படையல் சமைக்கப்பட்டது. ஏன் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் சமையல் என்று சிறுபிள்ளைகள் கேட்டிருப்பார்கள். 2000-ல் விசாரணைக்கான சட்டம் வந்தது. 2003-ல் ஜனாதிபதி ரோ மூ ஹியோன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2008-ல் அமைதிப் பூங்கா திறக்கப்பட்டது. 2025-ல் இந்தப் படுகொலையின் ஆவணங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. நாங்கள் இறங்கிய விமான நிலையத்தின் நிலத்துக்கடியிலிருந்தே நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டு துயரங்களை ஒப்பிட்டு அளக்க நான் வரவில்லை. ஆனால் ஊரை விட்டு ஓடிய சனம், திரும்பிப் போக முடியாத ஆண்டுகளில், ஊருக்குக் காசோடு மரக்கன்றையும் அனுப்பியது என்பதை ஒரு புலம்பெயர்ந்தவன் சாதாரணச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியாது. அனுப்பிய காசு ஒருமுறை செலவாகிப் போகும். கன்று இருபது ஆண்டு காய்க்கும். நாங்கள் ஊருக்கு அனுப்புவதில் எத்தனை வீதம் கன்று, எத்தனை வீதம் செலவு என்று அன்றிரவு மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

2018-ல் வந்தவர்கள்

அகதிகளைப் பற்றி ஜேஜுவுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. 2018-ல் யேமன் போரிலிருந்து தப்பிய 500-க்கும் மேற்பட்டோர், விசா இல்லாமல் நுழையலாம் என்ற தீவின் விதியைப் பயன்படுத்தி வந்து தஞ்சம் கேட்டார்கள். நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. அவர்களை ஏற்கவேண்டாம் என்ற மனுவில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். முடிவில் அகதியாக அங்கீகரிக்கப்பட்டவர்கள் இரண்டே பேர். 400-க்கு மேற்பட்டோருக்கு மனிதாபிமான அடிப்படையில் தற்காலிகமாகத் தங்க அனுமதி கிடைத்தது. அவர்களுக்கு அரசு அனுமதித்த முதல் வேலைகள் மீன்பிடிப் படகும், மீன் பண்ணையும், உணவகச் சமையலறையும். எங்களில் எத்தனை பேரின் முதல் சம்பளம் பாத்திரம் கழுவி வந்தது என்று சொல்லத் தேவையில்லை. சுவிசிலும் பாரிசிலும் ரொரன்ரோவிலும் உணவகப் பின்கதவால் நுழைந்துதான் எங்கள் சனம் முன்வாசலுக்கு வந்தது. அதே காலத்தில் ஊர்ப் பெண்கள் சிலர் அந்த யேமனியருக்கு இடமும் சோறும் கொடுத்தார்கள். தாங்களும் ஒருகாலத்தில் படகேறி ஓடியவர்கள் என்ற நினைவு ஜேஜுவின் எல்லா வீட்டிலும் இருக்கவில்லை. சில வீடுகளில் இருந்தது.

போகிறவர்களுக்கு

ஏழு நாட்களில் ஐந்து நாட்களைப் பிள்ளைகளிடம் விடுங்கள். கடற்கரை, கோப்பிக்கடை, தொடர் எடுத்த இடங்கள் என்று போகட்டும். ஒரு நாள் காலையில் சந்தைக்குப் போய், மதியம் ஒரு ஹேன்யோக் கடையில் கஞ்சி குடியுங்கள். இன்னொரு நாளில் அமைதிப் பூங்காவுக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. பெயர்கள் பொறித்த கற்களைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு சிறிய கடையில் மொம்குக் சாப்பிடுங்கள். பெயர்களைக் கல்லில் பொறிக்க ஒரு சமூகம் எத்தனை ஆண்டு காத்திருந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதிலைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்வது இலகு.

கடையை விட்டு வெளியேறும்போது "ஜல் மொகொஸ்சும்னிதா" என்று சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிட்டேன் என்று பொருள். உள்ளே பாத்திரம் கழுவுகிறவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.